டிவியில் செருகினால் வீட்டுச் சாமான்

தீபலட்சுமி ஒரு கணக்கு டீச்சர். குரோம்பேட்டை ராதா நகரில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், இரண்டாவது மாடி வீட்டில் இருக்கிறாள். பம்மல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். எந்தப் பொருளையும் இது இந்த வகை, அது அந்த வகை என்று பிரித்து வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சாம்பார்க் கரண்டியை யாராவது ரசத்தில் போட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சு வார்த்தை இருக்காது. அப்படிப்பட்டவளை ஒரு வாரம் முழுக்கத் தூங்கவிடாமல் செய்ய, இந்த வகையிலும் சேராமல் அந்த வகையிலும் சேராமல் ஒரு சாமான் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அது ஒரு வீடியோ கேம். ஒரு முழ நீளம்கூட இல்லாத தட்டையான திரை. இரண்டு பக்கமும் விரல் வைத்து ஆடப் பொத்தான்கள். கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதுகூட ஆடலாம். ஆனால் டிவிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு உண்டு. அதில் இறக்கிவிட்டால் படம் டிவிக்குப் போய்விடும். இரண்டு பக்கத்துப் பொத்தான் துண்டுகளையும் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி இரண்டு பேர் ஆடலாம். இதைக் கையில் வைத்து ஆடும் கேம் என்பதா, வீட்டில் வைத்து ஆடும் கேம் என்பதா?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று உங்களுக்குத் தோன்றலாம். தீபலட்சுமிக்கும் ஐந்து வருஷமாக அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. மகள் நித்யஸ்ரீக்குப் புனேயில் வேலை கிடைத்த பிறகுதான் கேள்விக்கு உயிர் வந்தது. விஜயதசமி நல்ல நாள் என்று பார்த்து, அன்று காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெட்டி அடுக்கும்போது நித்யஸ்ரீ அந்த கேமை ஒரு துப்பட்டாவில் சுற்றி, சுடிதார்களுக்கு நடுவில் பதமாக வைத்தாள். துணி மடித்துக் கொடுக்க வந்த தீபலட்சுமி அதை எடுத்துப் பழையபடி டிவி பக்கத்து ஸ்டாண்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"இது வீட்டோடது," என்றாள்.

"இது கையில வச்சு ஆடறதும்மா," என்றாள் நித்யஸ்ரீ.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

இந்தச் சண்டையின் வேர் பழையது. தீபலட்சுமி சின்னப் பெண்ணாக இருந்தபோது குடும்பம் அதே குரோம்பேட்டையில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தது. அப்பாவுக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை. ஒரு தீபாவளி போனஸில் அவர் பர்மா பஜாருக்குப் போய், அட்டைப்பெட்டி நிறையப் படம் போட்ட ஒரு டிவி கேமைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்தார். கேசட்டைச் செருகி, டிவியில் சேனல் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தால், மழை பெய்வது போல் இருக்கும் திரையில் திடீரென்று ஒரு பீரங்கி வண்டி வந்து நிற்கும். வராவிட்டால் கேசட்டை உருவி, அடியில் ஃபூ என்று ஊதி மறுபடி செருக வேண்டும். அண்ணன் உமேஷுக்கு ஊதுவதில் தனித் திறமை இருப்பதாகத் தெருவே நம்பியது. அந்தத் தெருவில் கேமுக்கு வைத்தியம் தேவைப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அவனை அழைத்துப் போனார்கள்.

அதே வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா உமேஷுக்கு ஒரு கை கேம் கொடுத்துவிட்டுப் போனார். சாம்பல் நிறத் திரையில் மேலிருந்து கட்டைகள் விழும், அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், அவ்வளவுதான். பென்சில் பேட்டரி போட்டால் போதும், டிவி வேண்டாம், கரன்ட் வேண்டாம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அந்த வீட்டில் அம்மா தையல்நாயகி வைத்ததுதான் சட்டம். மாவு அரைக்கும் கிரைண்டர், தையல் மிஷின், ஃபேன், டிவி எல்லாவற்றுக்கும் அது அது இருக்கும் இடத்திலேயே சந்தனம் குங்குமம். புத்தகம், பேனா, அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் பை, பாட்டு கிளாஸ் சுருதிப் பெட்டி இவையெல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டு, பட்டுத் துணி போர்த்தப்படும். அப்படி அடுக்கியதை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. படிக்க வேண்டாம் என்பதால் பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அதுதான். ஆனால் டிவி கேமையும் கொண்டுபோய்ப் பட்டுத் துணிக்கு அடியில் வைத்துவிட்டால் லீவு நாள் பாழ். சந்தனக் கிண்ணத்தோடு தையல்நாயகி கூடத்துக்கு வந்து நின்றபோது உமேஷும் தீபாவும் கேமுக்குக் குறுக்கே போய் நின்றார்கள்.

தையல்நாயகி ஒயரை டிவியிலிருந்து பிடுங்கினாள். கேமை ஆன் பண்ணச் சொன்னாள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்ததைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"டிவி இல்லாம இதுக்கு உயிர் இல்ல," என்றாள். "அப்ப இது டிவியோட சேர்ந்தது. டிவியில செருகினா வீட்டுச் சாமான். கையில வச்சு ஆடினா அது அவங்கவங்க சாமான்."

டிவி கேமுக்கு இருந்த இடத்திலேயே பொட்டு. கை கேம் புத்தகங்களோடு சரஸ்வதிக்கு முன்னால் போனது. உமேஷ் முகம் தொங்கிப்போனது. வீட்டுச் சாமானுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை செய்ய நினைத்த தையல்நாயகி, கேசட் செருகும் ஓட்டைக்கு மேலேயே சந்தனத்தை அள்ளி அப்பிவிட்டாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அது உள்ளே வழிந்து காய்ந்து, ஒரு கேசட்டும் இறங்கவில்லை. அப்பா ஊக்கை வைத்துச் சுரண்டிக்கொண்டே இருந்தார். உமேஷ் ஊதினான், ஊதினான், சந்தனப் பொடிதான் கண்ணில் விழுந்தது. கேசட் மறுபடி இறங்க இரண்டு நாள் ஆனது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தீபலட்சுமி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி எழுந்து நிற்கிறது. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் இப்போதும் ஒரு நிமிஷம் நின்று, பழைய கூடம் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று பார்ப்பாள்.

சிரிக்காமல் சொல்லும் மீதிக் கதையும் ஒன்று உண்டு. அதை அவள் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை. உமேஷ் இன்ஜினியரிங் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனபோது, பெட்டியில் டிவி கேமை வைக்கப் பார்த்தான். தையல்நாயகி எடுத்து வெளியே வைத்தாள். வீட்டுச் சாமான் வீட்டில் இருக்கட்டும், ஆட வேண்டுமென்றால் வீட்டுக்கு வரட்டும் என்பது அவள் கணக்கு. கை கேமை மட்டும் அவன் எடுத்துக்கொண்டு போனான். முதல் லீவுக்கு வந்தவன் சாப்பிட்டான், தூங்கினான், தாம்பரத்தில் இருந்த சிநேகிதனைப் பார்க்கப் போனான், கிளம்பிவிட்டான். தீபா கேசட்டையெல்லாம் துடைத்து வைத்துக் காத்திருந்தாள். அதற்கப்புறம் அவன் வந்த எந்த லீவிலும் கேம் பக்கமே வரவில்லை. அவள் தனியாக ஆடினாள். ஒரு கன்ட்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கால் கட்டை விரலால் அழுத்தி, இரண்டு பேர் ஆடுவது போலவே ஆடினாள். உமேஷின் பீரங்கி வண்டி நகராமல் நின்று அடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அவளும் படித்தாள், பி.எட். முடித்தாள், திருமுடிவாக்கத்தில் இரும்புப் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த சுகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். உமேஷ் அமெரிக்கா போய்விட்டான். தையல்நாயகி போய்ச் சேர்ந்தாள். டிவி கேம் எந்தப் பழைய பேப்பர்காரரிடம் போனதென்று யாருக்கும் தெரியாது.

ஊரே அடைந்து கிடந்த கொரோனா வருஷத்தில்தான் இந்தப் புது கேம் வீட்டுக்கு வந்தது. தீபலட்சுமி காலையெல்லாம் செல்போன் முன்னால் உட்கார்ந்து, முகம் காட்டாத பிள்ளைகளுக்கு முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்புப் படித்த நித்யஸ்ரீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பாள். கேட்ட கேள்விக்கு உம், இல்லை என்று இரண்டு பதில்தான். பொறுத்துப் பார்த்த சுகுமார் யார் யாரிடமோ சொல்லி வைத்து இந்த கேமை வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்டாண்டை டிவியில் மாட்டினார். பெண்ணைக் கூப்பிட்டு, அம்மாவோடு ஒரு ஆட்டம் ஆடு என்றார்.

அதிலிருந்து தினமும் விளக்கேற்றிய பிறகு சோபாவில் அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு பொத்தான் துண்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். கார் பந்தயம்தான் அதிகம் ஆடுவார்கள். பந்தயத்தில் என்ன இருக்கிறது? ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஒன்றும் சொல்லாத பெண், திரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வளைவில் காரைத் திருப்பிக்கொண்டே, ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனதைச் சொன்னாள். பாலத்திலிருந்து கார் கீழே விழுந்துகொண்டிருந்தபோது, ஒருத்தன் பின்னால் சுற்றியதையும் அவனிடம் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். தீபலட்சுமியும் திரையைப் பார்த்தபடியே, அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல், சரி, அப்புறம் என்றாள். எந்தத் தாய்க்குக் கிடைக்கும் இது? அந்த கேம் பெட்டிக்குள் மடிந்து புனேவுக்குப் போவதென்றால், அந்தச் சோபாவே எழுந்து போவதாக அவளுக்குப் பட்டது. அதைச் சொல்லத் தெரியாமல்தான் வீட்டுச் சாமான், வீட்டுச் சாமான் என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

நித்யஸ்ரீ சும்மா விடவில்லை. தையல்நாயகியின் சட்டத்தை அம்மா வாயாலேயே பல தடவை கேட்டு வளர்ந்தவள் அவள்.

"பாட்டி வச்ச டெஸ்ட்டையே வையேன். ஸ்டாண்டிலிருந்து எடு. உயிர் இருக்கா, இல்லையா?"

எடுத்தால் உயிர் இருந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. தீபலட்சுமி அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். கையில் வைத்து ஆட முடியும் என்பது வேறு, ஆடினோமா என்பது வேறு. வாங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருவராவது அதைக் கையில் வைத்து ஆடியதுண்டா, செய்கிற வேலையை வைத்துத்தான் பொருளை வகை பிரிக்க வேண்டும் என்றாள். நித்யஸ்ரீ இணையத்தில் போய்ப் பார்த்தாள். உலகம் முழுக்க இதற்காக முகம் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டு கேம் என்று ஒரு கட்சி, கை கேம் என்று ஒரு கட்சி, இரண்டும் கலந்த மூன்றாவது சாதி என்று ஒரு கட்சி. மூன்றாவது சாதி என்பதைக் கேட்டதும் தீபலட்சுமிக்குக் கோபம் வந்தது. தீர்ப்புச் சொல்லத் தெரியாதவர்கள்தான் மூன்றாவது பெட்டி செய்வார்கள் என்றாள்.

சுகுமாரிடம் பஞ்சாயத்து போனது. பட்டறையில் எப்படி என்று அவர் விளக்கினார். ஆயுத பூஜைக்கு, பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கியதெல்லாம் மிஷின். நின்ற இடத்திலேயே பொட்டு. கையில் எடுத்து வேலை செய்வதெல்லாம் டூல்; சாமி படத்துக்கு முன்னால் அடுக்க வேண்டும். நித்யஸ்ரீ யோசித்துவிட்டு, கையால் ஓட்டை போடும் டிரில்லை ஸ்டாண்டில் மாட்டியும் வேலை செய்வார்களே, அது எதில் சேரும் என்று கேட்டாள். இத்தனை வருஷ சர்வீஸில் சுகுமாரை யாரும் இப்படி மடக்கியதில்லை. கடைசியில், ஸ்டாண்டில் இருக்கும்வரை அது மிஷின், கழற்றிவிட்டால் டூல், ஆகவே ஸ்டாண்டை வீட்டில் வைத்துக்கொண்டு கேமைப் பெண்ணிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு சமாதானத் தீர்ப்புச் சொன்னார். தீபலட்சுமி அவரைப் பார்த்த பார்வையில், பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

பூஜைக்கு முந்தின நாள் பொரி, கடலை, பூசணிக்காய் வாங்க ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போனாள். வாழைக்கன்றும் மாவிலையும் குவித்து நடைபாதையே தெரியவில்லை. வருஷா வருஷம் அவள் வாங்குவது பாப்பா என்கிற பொரிக்காரியிடம். இந்த வருஷம் படி குறைவாகக் கேட்டாள்.

"இன்னாக்கா, பொரி கொறைச்சலா வாங்கிகினு போற? வூட்ல ஆள் இல்லியா?" என்றாள் பாப்பா.

பொண்ணு ஊருக்குப் போகிறாள் என்றாள் தீபலட்சுமி.

"நாளைக்கு பொண்ணு கீதில்ல? அப்போ நாளைக்கு துன்னட்டும்," என்று பாப்பா கேட்காமலே இன்னும் ஒரு படி அளந்து பையில் போட்டாள். நடுத்தெருவில் அழுதால் நன்றாக இருக்காதென்று தீபலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவனுக்கு அங்கே காலை. தன் கட்சிக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது அவளுக்கு. அம்மா வைத்த சட்டம் என்னவென்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் நித்யஸ்ரீ அடங்குவாள் என்று நினைத்தாள். உமேஷ் காபி குடித்துக்கொண்டே சந்தோஷமாகக் கேட்டான். டிவி கேம் என்றதும் கொஞ்சம் யோசித்தான்.

"அப்பா வாங்கினாரே, அதுவா? அது வந்த கொஞ்ச நாள்லயே கெட்டுப் போச்சில்ல, தீபா?"

அவனே தொடர்ந்து, கை கேம் ஒன்று இருந்ததே, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஹாஸ்டல் மெத்தைக்கு அடியில் வைத்திருப்பேன், ஒரு மூலையில் உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தேன், அதன் சத்தம்கூட இப்போதும் காதில் இருக்கிறது என்று நீட்டிக்கொண்டு போனான். அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. டிவி கேம் கெட்டுப் போகவில்லை. அவன் போன பிறகும் வருஷக்கணக்காக நன்றாக ஓடியது. அவன் வருவான் வருவான் என்று அவள்தான் அதற்குத் துணி போர்த்தித் துடைத்து வைத்திருந்தாள். அம்மா போட்ட கணக்கு தப்பு என்பது அவளுக்கு இத்தனை வருஷம் கழித்து அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. வீட்டில் வைத்துக்கொண்ட சாமானுக்காக அவன் வீட்டுக்கு வரவில்லை. அவனோடு போனதுதான் அவன் மனசில் இருந்தது. வைத்துவிடுகிறேன் அண்ணா என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சுண்டலுக்குக் கடலை ஊற வைத்தாள்.

மறுநாள் காலை எல்லா வீட்டையும் போல அந்த வீட்டிலும் பூஜை நடந்தது. ஃபிரிட்ஜுக்கும் மிக்சிக்கும் சந்தனம், வாஷிங் மிஷினுக்குக் குங்குமம், கீழே சுகுமாரின் ஸ்கூட்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அவளுடைய கணக்குப் புத்தகங்களையும் நித்யஸ்ரீயின் ஆபீஸ் லேப்டாப்பையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியாயிற்று. செல்போனையும் வைக்க வேண்டும்தான். அதைப் பற்றி மூன்று பேருமே மூச்சு விடவில்லை. எந்த வீட்டிலும் விடுவதில்லை.

சந்தனக் கிண்ணத்தோடு தீபலட்சுமி டிவி முன்னால் வந்து நின்றாள். டிவிக்குப் பொட்டு வைத்தாள். அடுத்து ஸ்டாண்டில் இருந்த கேம். நித்யஸ்ரீ பக்கத்தில் வந்து நின்றாள். அன்று அவளும் வாதாடவில்லை. இருந்த இடத்திலேயே பொட்டு வைத்துவிட்டால் அது வீட்டுச் சாமான், போகாது. அதோடு, சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை சோபாவில் உட்கார்ந்து ஆடவும் ஆடலாம். எடுத்துக்கொண்டு போய்ப் புத்தகங்களோடு வைத்தால் அது நித்யஸ்ரீயின் சாமான், அவளோடு போய்விடும். ஆனால் நாளைக் காலை மறுபூஜை வரைக்கும் தொட முடியாது. மறுபூஜை முடிந்த கையோடு கார் வந்துவிடும்.

தீபலட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கேமை ஸ்டாண்டிலிருந்து தூக்கினாள். திரையில் இருந்த விரல் ரேகைகளை முந்தானையால் துடைத்தாள். பொத்தான் துண்டுகள் இரண்டையும் அதன் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பூட்டி, கொண்டுபோய் நித்யஸ்ரீயின் லேப்டாப்புக்கு மேல் வைத்தாள். ஒரு பூவையும் கிள்ளி அதன் மேல் வைத்துப் பட்டுத் துணியைப் போர்த்தினாள்.

"அம்மா," என்றாள் நித்யஸ்ரீ. "அப்ப இன்னைக்கு ஆட முடியாதே."

"தெரியும்," என்றாள் தீபலட்சுமி.

சுகுமார் கற்பூரத்தை ஏற்றினார்.

சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு இருவரும் பழக்கத்தில் சோபாவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. டிவியைப் போடவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள். தெருவில் யாரோ ஆட்டோவுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். தட்டிலிருந்த பொரியை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தவித்தார்கள். ஐந்து வருஷமாகப் பேசியும் முகம் பார்த்துப் பேசிப் பழகவில்லையே என்று தீபலட்சுமிக்குத் தோன்றியது. அவள்தான் முதலில் திரும்பினாள்.

"நீ போறது எனக்குத் தாங்கல. அதைச் சொல்லத் தெரியாமதான் இவ்வளவு நாள் அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தேன்."

நித்யஸ்ரீ பொரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஆடறதுக்காக அது வேண்டாம்மா," என்றாள். "அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. பாஷையும் வராது. அந்த கேம்ல ரெண்டு துண்டு இருக்கில்ல. ஒண்ணைக் கழட்டி நீட்டினா, யாராவது வந்து பக்கத்துல உக்காருவாங்கன்னு நினைச்சேன்."

வீட்டை விட்டுப் போகிற சந்தோஷத்தில் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று தீபலட்சுமி ஒரு வாரமாக எரிந்து விழுந்தாளே, இந்தப் பெண் பயந்துபோய் அல்லவா அதைத் துப்பட்டாவில் சுற்றினாள்? திரை முன்னால் உட்கார்ந்திருந்தால் இதை ஒரு வளைவிலோ பாலத்திலோ அவள் சொல்லியிருப்பாள். இந்த வாரம் சண்டையில் ஒரு நாள்கூட இருவரும் ஆடவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் என்று தீபலட்சுமிக்கு இருந்தது. தைரியமாக இரு, நன்றாகச் சாப்பிடு என்றெல்லாம் வாய் வரை வந்தது. அது எதுவும் இவளுக்கு உதவாது என்று தெரிந்தது. உதவும்படியாக அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"யாராவது வந்து உக்காந்தாங்கன்னா," என்றாள், "எடுத்த எடுப்புல ஜெயிச்சிடாதே. கொஞ்ச நாள் தோத்துக் குடு. அப்பதான் மறுநாளும் வருவாங்க."

நித்யஸ்ரீ தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

"நீ என்கிட்ட தோத்தியா?"

"அப்பா சொன்னாருன்னுதான் நீ முதல் நாள் வந்து உக்காந்தே. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. மறுநாளும் நீ வரணுமே."

நித்யஸ்ரீக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து வந்து, சின்ன வயதில் உட்கார்ந்தது போல அம்மாவின் கையைத் தன் தோளைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டாள். எவ்வளவு நாள் அப்படித் தோற்றாய் என்று கேட்டாள்.

"உனக்கு ஆட வர்ற வரைக்கும்தான்," என்றாள் தீபலட்சுமி. "அப்புறமெல்லாம் நெஜமாவே தோத்தேன்."